சீனச் சொல்லும் மாதாவின் வலது கையும்

எனக்கு எதைப் பார்த்தாலும் சிலுவை தெரியும். மின்கம்பத்தில் தெரியும், ஜன்னல் கம்பியில் தெரியும், பரோட்டாவில் தீய்ந்த கோட்டில்கூடத் தெரியும். ஒருமுறை ரிங் ரோட்டில் வேனை ஓரங்கட்டிவிட்டு, வானத்தில் ரெண்டு விமானப் புகை குறுக்கே போய் உண்டான சிலுவையைப் பார்த்து முழங்காலில் நின்றேன். (டயர் பஞ்சர் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் ஜாக்கி வேணுமா என்று கேட்டார். நல்ல மனுஷன்.) இது பக்தியா வியாதியா என்று என் மனைவி ரோஸ்லினுக்கு இன்றைக்கும் சந்தேகம். எனக்குச் சந்தேகமே கிடையாது. பக்திதான். ஆனால் அந்தப் பக்திதான் ஒரு அக்டோபர் மாதத்தில், மைசூரில் உள்ள எங்கள் ஜனங்கள் முன்னால், பாதர் முன்னால், ஒரு சீனாக்காரர் முன்னால், என் மானத்தைக் காற்றில் பறக்கவிட்டது.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறேன். அந்த வருஷம் சீனாவிலிருந்து புது மிஷின்கள் வந்து இறங்கின. கூடவே அவற்றைப் பூட்ட ஆட்களும் வந்தார்கள். அவர்களில் லின் என்ற இளைஞர் மொழிபெயர்ப்புக்கு வந்தவர். தினம் காலையில் லாட்ஜிலிருந்து அவர்களைக் கூட்டிவருவது என் வேலை. லின்னுக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்கு இங்கிலீஷ் பாதி தெரியும். அவர் கன்னடத்தில் ரெண்டு வரி கற்றுக்கொண்டிருந்தார். ஒன்று, "ஊட்டா ஆய்தா?" (சாப்பாடு ஆச்சா). இன்னொன்று, "சொல்ப நீரு" (கொஞ்சம் தண்ணி). இந்த ரெண்டே வரியில் அவர் மைசூர் முழுக்கச் சுற்றி வந்தார். நல்ல மனிதர்கள் வாழ இவ்வளவு பேச்சுப் போதும் என்று அவரைப் பார்த்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

இனி எங்கள் அன்பியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் உள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் கூட்டத்துக்குத்தான் அன்பியம் என்று பெயர். அக்டோபர் ஜெபமாலை மாதம். அந்த மாதம் மாதா சுரூபம் (சிலைதான்) வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் சாயங்காலம் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்லுவோம். இரவு மாதா அங்கேயே தங்குவாள். மறுநாள் சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவோம். இதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. தப்பு, ஜெபமாலை முடிந்தபிறகு வரும் தட்டில் இருந்தது.

ஆரம்பத்தில் பொரியும் கடலையும்தான். பிறகு ஒரு வீட்டில் சுண்டல் கொடுத்தார்கள். அடுத்த வீட்டார் சுண்டலோடு கேசரி கொடுத்தார்கள். அதற்கடுத்தவர் மைசூர் பாகு. அப்புறம் ஒருவர் மசால் தோசை ஊற்ற வாசலில் ஆளையே நிறுத்தினார். கடைசியில் பெர்னார்ட் அண்ணன் வந்தார். கட்டட வேலை காண்ட்ராக்டர், தங்கமான மனசு, சத்தமான குரல். அவர் வீட்டில் நெய்ச்சோறு, கோழிக் குருமா, போகும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா. அன்றைக்குக் குருமா வாசனை ஜெபமாலையின் ஐந்து காரணிக்கங்களில் மூன்றாவதிலேயே எழுந்துவிட்டது. நான்காவதும் ஐந்தாவதும் எங்கள் அன்பியம் சொன்ன வேகத்தில் எந்த எக்ஸ்பிரஸ் ரயிலும் மைசூரை விட்டுப் போனதில்லை.

சிரிப்புத்தான். ஆனால் எங்கள் தெருக்கோடியில் ஒரு மொட்டைமாடி அறையில் புஷ்பம் அக்கா இருக்கிறார். கணவர் இல்லை. புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, பிளவுஸ் தைத்து வாழ்கிறார். முந்தின வருஷம் அவர் முறை வந்த அன்று கதவைத் திறக்க ஆளில்லை. "கொள்ளேகாலத்துல சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லயாம்" என்று யாரோ சொன்னார்கள். மாதா அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிளவுஸ் வாங்கப் போன ரோஸ்லினிடம் அக்கா பிற்பாடு உண்மையைச் சொன்னாராம்.

"கொள்ளேகாலமும் இல்ல, ஒண்ணும் இல்ல ரோஸ்லி. உள்ளதான் இருந்தேன். லைட்ட அணைச்சிட்டு உக்காந்திருந்தேன். நீங்க பாட்டுப் பாடிக்கிட்டு என் படிக்கட்டைத் தாண்டிப் போனது கேட்டுச்சு. பெர்னார்ட் வீட்டுக்கு அடுத்த முறை என் முறை. நான் என்னத்தக் குடுக்கிறது? மாதா ஒரு தடவ என் வீட்டுக்கு வந்தா போதும்னு இருக்கு. ஆனா மாதா தனியா வர மாட்டேங்கிறாங்களே, கூட இத்தன பேரக் கூட்டிட்டு வர்றாங்களே!"

இதைக் கேட்ட ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (சப்பாத்திதான். அதில் ஒரு சிலுவை வேறு.) இதை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று மாதாவிடமே வேண்டிக்கொண்டேன். இந்த வருஷம் புஷ்பம் அக்கா வீட்டுக்கு மாதா போயே ஆக வேண்டும்!

வேண்டுதலுக்குப் பதில் சீன மொழியில் வந்தது.

மிஷின் பூட்டும் கூடத்தில் சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தாக ஒரு நீளப் பதாகை கட்டியிருந்தார்கள். அதில் முதல் ரெண்டு எழுத்து மட்டும் பெரிசு: 革除. நான் லின்னுக்காகக் காத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் எழுத்து. மேலே ரெண்டு கொம்பு மாதிரி. நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்குக் கீழே...

"லின் சார்! சிலுவை!"

லின் பதறி ஓடிவந்தார். மிஷினில் யாரோ கை விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். நான் எழுத்தின் அடிப்பாகத்தைக் காட்டினேன். நேர்க்கோடு, குறுக்குக்கோடு, அப்பட்டமான சிலுவை! "இது என்ன சொல்? என்ன அர்த்தம்?"

லின் பாதி இங்கிலீஷிலும் பாதிக் கைகளாலும் விளக்கினார். அந்தச் சொல்லை 'கஅ-ச்சூ' என்று சொல்ல வேண்டுமாம். ஜனங்களிடையே வெகுகாலமாக ஊறிப்போன கெடுதலான வழக்கங்களை நீக்குவது என்று பொருள். மிஷின் பக்கத்தில் சிகரெட் பிடிப்பது, தலைக்கவசம் இல்லாமல் நடப்பது, இதையெல்லாம் விட்டொழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்களாம். "ஆனால் இது பெரிய சொல்" என்றார். "புத்தகத்தில் வரும், சர்க்கார் அறிவிப்பில் வரும். வீட்டில் பேச மாட்டோம். இதை என் அம்மாவிடம் சொன்னால் அம்மா அடிப்பாங்க."

நான் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கவே இல்லை. கெட்ட வழக்கங்களை நீக்குவது! அடியில் சிலுவை! நான் மாதாவிடம் கேட்டது அதுதானே? "சார், இந்தச் சிலுவை... ஜீசஸ் கிராஸ்தானே?" என்று கேட்டேன். லின் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மேலும் கீழும் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

வீட்டுக்குப் பறந்து வந்தேன். மகள் ஜெனியை உட்காரவைத்து, சார்ட் பேப்பரில் நீல ஸ்கெட்ச் பேனாவால் அந்த எழுத்தைப் பெரிசாக வரையச் சொன்னேன். சிலுவைப் பாகம் மட்டும் தடிப்பாக. ஜெனி காலேஜில் படிக்கிறாள். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு வாயில் வரும்.

"அப்பா, சும்னே இருப்பா. ஜனங்க நகுத்தாரே."

"சிரிக்கட்டும்டீ! நல்லது சொன்னா மொதல்ல சிரிப்பாங்க!"

(சிரித்தார்கள். அதில் மட்டும் என் கணிப்புத் தப்பவில்லை.)

அன்பியக் கூட்டத்தில் சார்ட்டை விரித்துப் பிடித்தேன். எனக்கு அன்றைக்கு வந்த ஆவேசம் என் வாழ்நாளில் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. "பாருங்க! இது ஆயிரமாயிரம் வருஷத்துச் சீனச் சொல்லு. ராஜாங்கத்துச் சொல்லு. கெட்ட வழக்கத்த ஒழிக்கிறதுன்னு அர்த்தம். அவங்க சாமியக் கும்பிடாதவங்க. ஆனா சொல்லோட அடியில என்ன இருக்கு பாருங்க! யார் போட்டது அத?"

ரெண்டு பேர் எழுந்துவந்து சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெர்னார்ட் அண்ணன் மட்டும் அசையவில்லை.

"ஏன் தம்பி, சைனா சார்ஜர் வாங்கினா ரெண்டு மாசம் தாங்கறதில்ல. அவன் எழுத்த நம்பி நம்ம வழக்கத்த மாத்தச் சொல்றியா?"

"அண்ணே, எழுத்த நம்ப வேணாம். சிலுவைய நம்புங்க!"

கத்தோலிக்கனிடம் சிலுவையை நம்பாதே என்று யார் சொல்வது? இனிமேல் ஜெபமாலைக்குப் பிறகு எந்த வீட்டிலும் டிபன் கிடையாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அத்தோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

"அப்ப டீ?" என்று ஒருவர் கேட்டார்.

"டீ வந்தா பிஸ்கட் வரும். பிஸ்கட் வந்தா மிக்ஸர் வரும். மிக்ஸர் வந்தா குருமா தூரத்துல இல்ல. டீயும் வேணாம்!"

கைதட்டல். எனக்குப் போதை ஏறியது.

"தண்ணி?"

"தண்ணியும் வேணாம்! கஅ-ச்சூ!"

மறுபடி கைதட்டல். கூட்டத்தின் கடைசி வரிசையில் புஷ்பம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருஷம் என் வீட்டுக்கு மாதாவக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு நடந்தேன்.

ரோஸ்லின் கதவைத் திறந்தபிறகுதான் பேசினாள்.

"டிபன் வேணாம்னீங்க, சரி. டீ வேணாம்னீங்க, சரி. தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு? மாதா வந்த வீட்டுல வந்தவங்களுக்குத் தண்ணி இல்லேன்னா, மாதாவுக்கே வெக்கமா இருக்காதா?"

"சீர்திருத்தம்னா அப்படித்தான். முழுசாச் செய்யணும்."

"எனக்கென்னமோ உங்களுக்குக் கைதட்டினது பிடிச்சுப்போச்சுன்னு தோணுது."

(நான் சார்ட்டை இன்னும் இறுக்கமாகச் சுருட்டினேன்.)

அக்டோபர் பிறந்தது. தசரா விளக்குகள் ஊரெல்லாம் மின்ன, மாதா எங்கள் தெருவில் புறப்பட்டாள். நான் தினமும் வேலை முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சுருட்டிய சார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த வீட்டில் ஜெபமாலையோ அந்த வீட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றுவிடுவேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே நின்றேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் சார்ட்டை விரிப்பேன். எல்லாரும் சேர்ந்து "கஅ-ச்சூ" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் வந்த பாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இத மன்றாட்டு மாலையோட மட்டும் சேத்துடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். (ஜெபமாலை முடிவில் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லும் ஜெபம் அது.)

கூட்டம் குறைய ஆரம்பித்தது. முதலில் பிள்ளைகள் வராமல் நின்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாக்கள் நின்றார்கள். வந்தவர்களும் ஜெபம் முடிந்த நிமிஷம் செருப்பைத் தேடினார்கள். முன்பெல்லாம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பையனுக்கு வேல கெடச்சுதா?" "முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள். இப்போது விசாரிக்க யாருக்கும் கையில் சாக்கு இல்லை. ஒரு பெரியவர் தொண்டை கட்டி இருமிக்கொண்டே படியிறங்கிப் போனார். வீட்டுக்காரம்மா சமையலறையில் சொம்போடு நின்றார். நடுவில் நான் நின்றேன், காவல்காரன் மாதிரி. எனக்குப் பெருமைதான்! இவ்வளவு சீக்கிரத்தில் இவ்வளவு பெரிய ஒழுங்கு வந்துவிட்டதே என்று.

புஷ்பம் அக்காவின் நாள் வந்தது. அன்றைக்குப் பாதரும் வந்திருந்தார். நான் லின்னையும் கூட்டிப்போனேன். அவர் தந்த சொல் ஒரு ஏழை வீட்டுக்கு மாதாவைக் கொண்டுவந்ததை அவர் கண்ணால் பார்க்க வேண்டாமா?

அந்த அறையைப் பார்க்க வேண்டுமே! சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. தையல் மிஷினை மூடி அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, அதுதான் பீடம். வெட்டித் தைத்து மிஞ்சின ஜாக்கெட் துண்டுகளை எல்லாம் முக்கோணமாக வெட்டித் தோரணம். மூலையில் புது மண்பானையில் தண்ணீர். அறையில் பத்துப் பேர்தான் நெருக்கி உட்காரலாம். மற்றவர்கள் மொட்டைமாடியிலும் படிக்கட்டிலும். மாதாவை நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். வாசல்படி தாண்டும்போது அக்கா தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எந்தத் தசராவிலும் பார்த்ததில்லை.

ஜெபமாலை அன்றைக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லப்பட்டது. கடைசிப் பாட்டும் முடிந்தது. மூன்று மாடி ஏறி வந்து, நெருக்கத்தில் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்த லின், தன் கன்னடத்தில் பாதியை மெல்ல எடுத்துவிட்டார்.

"சொல்ப நீரு?"

அக்கா எழுந்தார். எந்த யோசனையும் இல்லை. வீட்டுக்கு வந்த மனுஷன் தண்ணீர் கேட்கிறான், எழுந்தார், அவ்வளவுதான். ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விடுவதா என்று பானையிலிருந்து டம்ளர் டம்ளராக மொண்டு ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். அவர் வீட்டுக்கு இத்தனை பேர் வந்து எத்தனை வருஷமோ!

நான் என்ன செய்தேன்? சொல்லவே கூசுகிறது. சுருட்டிய சார்ட்டை ரயில்வே கேட் மாதிரி அவர் முன்னால் நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, "அக்கா! கஅ-ச்சூ!" என்றேன்.

அக்கா நின்றுவிட்டார். அந்த முகத்து வெளிச்சம் யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரிப் போயிற்று.

லின்னுக்கு இதெல்லாம் தெரியாது. பெண்மணி பாரம் சுமந்து நிற்கிறார், டம்ளரை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை என்று எழுந்து கை நீட்டினார். நான் அவரைத் தடுக்கத் திரும்பினேன். சார்ட் தட்டின் அடியில் மாட்டிக்கொண்டது. நான் இழுத்தேன்.

தட்டு மேலே போயிற்று. டம்ளர்கள் திசைக்கொன்றாகப் பறந்தன. தண்ணீரில் பாதி பாதர் மேல். மீதி என் மேல். ஒரு டம்ளர் மட்டும் நேராகப் பீடத்துக்குப் போய் மாதாவின் மேல் மோதியது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மாதாவின் வலது கை மணிக்கட்டோடு உடைந்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெர்னார்ட் அண்ணன் மடியில் போய் விழுந்தது. ஆசீர்வதிக்கிற வாக்கிலேயே விழுந்தது.

அண்ணன் கையைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாழ்நாளிலேயே முதல்தடவையாக மெல்லிய குரலில் பேசினார்.

"தம்பி, இத நான் எங்க வைக்கிறது?"

படிக்கட்டிலிருந்து யாரோ "உள்ள என்னாச்சு?" என்று கேட்க, ஜெனி பதில் சொன்னாள். "ஏனில்லா (ஒண்ணுமில்ல). அப்பா மாதா கைய முறிச்சிட்டாரு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். புஷ்பம் அக்கா அழுதார். "என் வீட்டுக்கு வந்தது மாதாவுக்குக்கூட ஆகலியே" என்று அழுதார். அதைக் கேட்டதும் பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் போல் இருந்தது. அறை மொட்டைமாடியில் இருந்ததால் பூமி வெகுதூரத்தில் இருந்தது.

பாதர்தான் முதலில் அசைந்தார். தாடியிலிருந்து தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அழாதீங்கம்மா. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. இவர்மேல கோவிச்சுக்கிறத ரோஸ்லின் பாத்துக்குவாங்க" என்றார்.

லின் பெர்னார்ட் அண்ணன் மடியிலிருந்து கையை ரெண்டு கைகளாலும் பயபக்தியோடு எடுத்தார். என்னிடம் வேன் சாவி வாங்கிப்போய், மிஷின் வேலைக்கு வைத்திருக்கும் பசைக் குழாய்கள் ரெண்டைக் கொண்டுவந்து கலந்தார். தீக்குச்சி முனையால் தடவி, உடைந்த இடம் தெரியாமல் பொருத்தினார். காயவைக்க வாயால் ஊதவும் இல்லை, அவ்வளவு மரியாதை. அவர் ஒட்டும்போது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அப்போதுதான் அவர் என் சட்டையைப் பார்த்தார். நனைந்த சார்ட் என் நெஞ்சோடு ஒட்டி, நீல மை இறங்கி, அந்த எழுத்து வெள்ளைச் சட்டையில் அச்சாகிவிட்டிருந்தது.

"பிரதர்" என்றார் இங்கிலீஷில், தயங்கித் தயங்கி. "இது சிலுவை இல்லை."

"என்ன?"

"ரொம்பப் பழைய காலத்து எழுத்து. விலங்கின் தோலை உரித்து விரித்துக் காயவைத்த படம். மேலே தலை. நடுவில் உடம்பு. கீழே இருக்கிறது... வால்."

"வாலா?"

"வால்."

"அன்னைக்கு நான் கேட்டப்ப தலைய ஆட்டினீங்களே!"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. வால் என்று எப்படிச் சொல்வது?"

நான் பதினைந்து நாளாக விரித்துக் காட்டி, ரெண்டு பேர் கண்ணில் ஒற்றிக்கொண்ட பரிசுத்தமான சிலுவை, ஒரு மாட்டின் வால்! பெர்னார்ட் அண்ணனுக்கு இழந்த குரல் முழுசாகத் திரும்பி வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் தோரணம் ஆடியது.

லின் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். தோலிலிருந்து ரோமத்தைச் சுரண்டி எடுப்பது. அதுதான் முதல் எழுத்தின் ஆதி அர்த்தமாம். அதிலிருந்துதான் மாற்றுவது, சீர்படுத்துவது என்ற பொருள் வந்ததாம். வேண்டாத ரோமம் போகும், தோல் மிஞ்சும், தோல்தான் உதவும்.

இதை ஜெனி தமிழில் சொல்லச் சொல்ல, ரோஸ்லின் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "ரோமத்த எடுக்கச் சொன்னா, இவரு மாட்டையே தெருவ விட்டு விரட்டிட்டாரு" என்றாள். புஷ்பம் அக்காவும் சிரித்துவிட்டார். அழுகையின் நடுவில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் ரெண்டு வாலைக்கூட ஒத்துக்கொண்டிருப்பேன்.

ஒட்டி முடித்ததும் லின் ஒன்று சொன்னார். பசை நன்றாக இறுக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சுரூபத்தை அசைக்கவே கூடாது. மூன்று மாடிப் படியில் தூக்கி இறக்கினால் கை மறுபடி வந்துவிடும்.

பாதர் கூட்டத்தைப் பார்த்தார். "அப்ப மாதா இங்கதான். ஞாயிறு வரைக்கும் ஜெபமாலையும் இங்கதான்."

புஷ்பம் அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "என் வீட்டுலயா? ஞாயிறு வரைக்குமா?" என்று மூன்று தடவை கேட்டார். ரோஸ்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுலதான்க்கா. மாதாவாலயே நகர முடியாது" என்றாள்.

இந்த வருஷம் வரிசை எதிர்ப்பக்கமாக வந்ததால், மறுநாள் முறை பெர்னார்ட் அண்ணனுடையது. தன் வீட்டுக்கு வரவேண்டிய மாதா வராததால் அவர் அக்கா வீட்டு மாடிக்கு ஏறி வந்தார், கையில் ஒரு மூட்டைப் பொரியோடு. என்னைப் பார்த்ததும் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். "தம்பி, இது என் வீடு இல்ல. நான் விருந்தாளி. விருந்தாளி வெறுங்கையோட வர முடியாது. உன் வால் இதுக்கு என்ன சொல்லுது?" வால் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருவர் நாலு வாழைப்பழம் கொண்டுவந்தார். ரோஸ்லின் ஒரு கிண்ணம் சுண்டல். எல்லாம் ஒரே தாம்பாளத்தில் கொட்டிக் கலந்து கைக்குக் கை மாறிப் போயிற்று. யார் கொண்டுவந்தது எது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். மொட்டைமாடியில் நிலா வரும்வரை பேச்சு ஓயவில்லை. இருமல் பெரியவர் தன் முழங்கால் கதையை ஆதியிலிருந்து சொன்னார். நான் என்னவோ தலைகீழாக நின்று கேட்டதை, மாதா தன் கையை உடைத்துக்கொண்டு நடத்தி வைத்துவிட்டாள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ரோஸ்லினும் இதை மட்டும் வியாதி என்று சொல்வதில்லை.

அன்றைக்குத்தான் அது தொடங்கியது. ஜெபமாலை ஆரம்பிக்கும் முன்னால் புஷ்பம் அக்கா பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க மொதல்ல குடிங்க தம்பி. நீங்க குடிச்சிட்டாத்தான் மத்தவங்களுக்குக் குடுக்க எனக்குத் தைரியம் வரும்."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் குடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும். பெர்னார்ட் அண்ணன் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஆயித்து (ஆச்சு), இனி சிலுவை அடையாளம் போடலாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலமும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை மாதா கீழே இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டிலும் முதலில் எனக்கு ஒரு டம்ளர். மாதம் முழுக்க, வீடு தவறாமல். அடுத்த வருஷமும். வருகிறவர்கள் எதையாவது கொஞ்சம் கொண்டுவர, வீட்டுக்காரர் தண்ணீர் மட்டும் கொடுப்பது என்பது எங்கள் அன்பியத்தில் நிலைத்துவிட்டது. குருமா போனது போனதுதான். ஆனால் அந்த முதல் டம்ளர் மட்டும் போகமாட்டேன் என்கிறது. எனக்குத் தாகம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை.

போன அக்டோபரில் எங்கள் பங்குக் கோவிலுக்குப் புதுப் பாதர் வந்தார். மங்களூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் இப்போதுதான் பழகுகிறார். முதல்நாள் ஜெபமாலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், எல்லாரும் முழங்காலில் நின்றபடி நான் தண்ணீர் குடித்து முடிக்கக் காத்திருந்ததைப் பார்த்தார். பயபக்தியோடு தானும் காத்திருந்தார். பிறகு ரோஸ்லினிடம் ரகசியமாக, "இது தமிழர்களோட பழைய வழக்கமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ரோஸ்லின் முந்திக்கொண்டாள்.

"ஆமா பாதர். ரொம்ப நல்ல வழக்கம். இத மட்டும் யாரும் மாத்தக்கூடாது."